வேலை நாள் அழுத்தம்

"சட்டைக் கைக்கு மேல பட்டையைச் சுத்தாதீங்கம்மா. வெறும் கையில சுத்தணும்," என்றாள் உச்சி.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். கட்டட வேலை நடக்கும் வளாகத்தின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட அந்த மருத்துவ அறைக்கு வருகிறவர்கள் கையை நீட்டுவார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், எண் என்னவென்றுகூடக் கேட்காமல் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ரத்த அழுத்தம் அளக்கும் பட்டையைப் பற்றிப் பாடம் எடுத்தவர் இதுவரை யாருமில்லை.

"கட்டில்ல உக்கார வெச்சிருக்கீங்க, கால் அந்தரத்துல தொங்குது. கால் தரையில பதியணும், முதுகு சாஞ்சிருக்கணும், கை நெஞ்சு மட்டத்துல இருக்கணும். நான் அந்த நாற்காலிக்கு வந்துடறேன். அஞ்சு நிமிஷம் பேச்சே கூடாது."

"பேசறது நீங்கதானேக்கா," என்றாள் நர்ஸ்.

உச்சி வாயை மூடிக்கொண்டாள்.

வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்குப் புதிதல்ல. அவள் பிழைப்பே அதுதான். கோபுர கிரேனின் தலையில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த கூண்டுக்குள், இரண்டு கையிலும் கிரேனை இயக்கும் இரண்டு லிவரைப் பிடித்தபடி இருபது வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறாள். அங்கே பேசுவதற்கு ஆள் கிடையாது. ரேடியோவில் வருகிற நாலு சொல்லும் காற்றும்தான். கீழே இருந்தவர்கள் அவளை உச்சி என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. அவள் கணவர்கூட, கோபம் வந்தால் மட்டும்தான் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

கட்டிலில் உட்கார வைத்து, சட்டைக் கைக்கு மேல் சுற்றி எடுத்த முதல் தடவை நூற்று எழுபத்திரண்டு காட்டியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, வெறும் கையில் பட்டை சுற்றி, அமைதியாக இருந்து எடுத்தபோது நூற்று அறுபத்து நாலுக்கு இறங்கியது. கீழ் எண் தொண்ணூற்றெட்டு.

"பார்த்தீங்களா, குறைஞ்சிருச்சு," என்றாள் உச்சி.

"குறைஞ்சிருக்கு. ஆனா போதாது," என்று சொல்லிக்கொண்டே உள்ளறையிலிருந்து டாக்டர் வந்தார். இளம்பெண். நிதானமாகப் பேசுகிறவர், எதிரே இருப்பவர் பேசி முடித்த பிறகும் ஒரு நொடி காத்திருந்துதான் பதில் சொல்வார். அந்த ஒரு நொடிக்காகவே உச்சிக்கு அவரைப் பிடிக்கும்.

"டாக்டர், வீட்ல மிஷின் வெச்சிருக்கேன். நல்ல மிஷின். போன தடவை உங்க மிஷினோட ஒத்துப் பார்த்தோமே. அதுல நூத்தி முப்பதைத் தாண்டினதே இல்லை. வெள்ளைக் கோட்டைப் பார்த்தா ஏறுற ஜாதி நான்."

"நான் கோட்டே போடலையே."

"கோட்டு உங்க மேல இல்லை, என் மனசுல இருக்கு."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு ரத்தப் பரிசோதனை முடிவை எடுத்துப் பார்த்தார். கெட்ட கொழுப்பு போன வருஷத்தைவிட நன்றாக இறங்கியிருந்தது. "கொழுப்பு மாத்திரை நல்லா கேட்டிருக்கு. மாத்திரை எல்லாம் ஒழுங்கா எடுக்கறீங்கதானே?"

"எடுக்கறேன்," என்றாள் உச்சி. அது அவளுக்குப் பொய்யாகத் தோன்றவில்லை.

விஷயம் சின்னதல்ல. கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை உடல் தகுதிச் சான்று வேண்டும். அவளுடையது இந்த வாரத்தோடு முடிகிறது. அடுத்த வாரம் இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே பாலம் போடுவதற்கான பெரிய இரும்பு உத்திரத்தைத் தூக்கி வைக்கப் போகிறார்கள். அதைத் தூக்கப்போவது அவளுடைய கிரேன். உத்திரத்தின் எடை, காற்று, கொக்கி போடும் இடம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் மனதுக்குள் போட்டுப் பார்த்து வைத்திருந்தாள். தூங்கப் போகும்போதுகூட அந்த உத்திரத்தை ஒரு தடவை தூக்கி வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவாள். கையெழுத்து விழாவிட்டால் அதை வேறொருவர் தூக்குவார்.

"சண்டை வேணாம்," என்றார் டாக்டர். "நீங்க சொல்றது நிஜமாவும் இருக்கலாம். அதைத் தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. ஒரு நாள் முழுக்க கையில கட்டிக்கிற மிஷின். அரை மணிக்கு ஒரு தடவை தானா அளக்கும். வேலை நாள்ல கட்டிக்கணும். ஆனா அதைக் கட்டிக்கிட்டு மேல போகறது முறையான்னு முதல்ல உங்க சைட் இன்ஜினியரைக் கேக்கணும்."

"நான் கேட்டுக்கறேன். நீங்க கட்டி விடுங்க," என்றாள் உச்சி. கேட்ட கேள்விக்கு விடை தெரிந்த பிள்ளையின் முகம் அவளுக்கு.

*

மறுநாள் காலை, இடது மேல்கையில் பட்டையும் இடுப்பில் சின்னப் பெட்டியுமாகச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தாள். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலைச் சாப்பாடு அவர் பொறுப்பு. பிள்ளைகளை ஏற்றக் கிளம்புவதற்கு முன்பே வேலையை முடித்துவிடுவார். டாக்டர் சொன்ன நாளிலிருந்து உப்பு டப்பாவை மேல் அலமாரியில் ஏற்றிவிட்டு, அதற்குக் காவலாளி மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"வெடிகுண்டு கட்டின மாதிரி இருக்க," என்றார்.

"வெடிச்சா முதல்ல உங்க வேன்தான்."

மாத்திரைகளை எடுத்தாள். அழுத்தத்துக்கு ஒன்று. கொழுப்புக்கு ஒன்று. இரண்டையும் கொஞ்சம் தண்ணீரில் விழுங்கினாள். மூன்றாவது, உடம்பில் தேங்கும் உப்பையும் நீரையும் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கிற நீர் மாத்திரை. அது அட்டையிலேயே இருந்தது. வேலை நாட்களில் அது அப்படித்தான் இருக்கும்.

"அதையும் போட்டுட்டாத்தான் என்ன?" என்றார் கணவர். அது அவர் எப்போதாவது கேட்கிற கேள்வி.

"போட்டுட்டு மேல போய் உக்காந்தா அரை மணிக்கு ஒரு தடவை இறங்கணும். ஏணியில இறங்கி ஏற எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? கீழ அத்தனை பேரும் வாயைப் பிளந்துட்டு நிப்பாங்க."

"சாயங்காலம் போட்டுக்கோ."

"ராத்திரி பூரா எந்திரிச்சுட்டே இருக்கவா? தூக்கம் கெட்டுப்போய் கிரேன் ஓட்டச் சொல்றீங்களா?"

அவர் வேன் சாவியை எடுக்கப் போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் பேச்சு இப்படி முடிந்ததில் அவள் சொன்னதே நியாயம் என்றாகி, வருஷமும் ஓடிவிட்டது. கிரேன்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். வேலை நாளில் காலையிலிருந்தே தண்ணீரைத் தொண்டை நனைகிற அளவுக்குத்தான் குடிப்பார்கள். நீர் மாத்திரையை லீவு நாளுக்குத் தள்ளி வைப்பார்கள். ஆண்கள் கூண்டுக்குள் ஒரு பாட்டில் வைத்துக்கொள்வதும் உண்டு. அவளுக்கு அந்த வழியும் கிடையாது. அடக்கிக்கொள்வது அவளுக்குத் தொழிலின் ஒரு பகுதி. லிவரைப் பிடிக்கக் கற்றபோதே அதையும் கற்றிருந்தாள்.

*

சைட் இன்ஜினியர் சம்மதம் கொடுத்திருந்தார், ஒரு நிபந்தனையோடு: பட்டை இறுகும் நேரத்தில் கொக்கியில் எடை இருந்தால் அதை அப்படியே நிறுத்திவிட வேண்டும்.

கீழே நின்று ரேடியோவில் வழி சொல்கிறவருக்கு விசில்காரர் என்று பெயர். ரேடியோ வருவதற்கு முன்னால் விசில் அடித்தே வேலை வாங்கியவர். உச்சியைவிட வயதில் மூத்தவர். பேச்சில் இடைவெளியே விடாத மனுஷர்.

"தங்கச்சி, கம்பிக் கட்டு ரெடி. தூக்கலாம், மெதுவா... மெதுவா... ஆங், வரட்டும்."

கட்டு தரையை விட்டு எழுந்து பாதி உயரம் வந்தபோது அவள் கையில் பட்டை விர்ரென்று ஊத ஆரம்பித்தது. உச்சி லிவரை நடுவுக்குக் கொண்டுவந்து பிரேக்கைப் போட்டுவிட்டுக் கையைத் தளர விட்டாள். கம்பிக் கட்டு அந்தரத்தில் அசையாமல் நின்றது.

"என்ன ஆச்சு? ஏன் நிறுத்திட்டீங்க?"

"கை இறுகுது. பேசாதீங்க."

"நான் பேசினா உங்களுக்கு ஏறுமா?"

"உங்க பேச்சுக்கு யாருக்குத்தான் ஏறாது?"

பட்டை இளகியது. கட்டு மறுபடி எழுந்தது. இந்த நாடகம் இரண்டு மூன்று தடவை நடந்ததும் கீழே இருந்தவர்களுக்கு அது பழகிவிட்டது. கிரேன் நின்றால் தலையைச் சொறிந்துகொண்டு, "அக்காவுக்குக் கை இறுகுதுடா," என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

"தங்கச்சி, ஒரு சந்தேகம்," என்றார் விசில்காரர், அடுத்த கட்டுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்த இடைவெளியில். "எனக்குக் கொழுப்பு நார்மலுக்கு வந்துடுச்சுன்னு ரிசல்ட் குடுத்துட்டாங்க. மாத்திரையை நிறுத்திட்டேன். சரிதானே?"

"அண்ணே, இப்ப ஒரு எடை அந்தரத்துல நிக்குதுன்னு வையுங்க. ஏன் நிக்குது?"

"நீங்க பிரேக் போட்டிருக்கீங்க."

"நல்லா நிக்குதேன்னு பிரேக்கை எடுத்துட்டா?"

"தலையில விழும்," என்றார் விசில்காரர் மெல்ல.

"மாத்திரை போட்டதாலதான் நார்மல். டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க. இன்னிக்கே போய்க் கேளுங்க."

சொல்லிவிட்டு அவளுக்கே ஒரு நிறைவு வந்தது. இந்த வளாகத்தில் அவளிடம் வைத்தியம் கேட்காதவர் குறைவு. இரண்டு எண்ணில் மேல் எண் எது, கீழ் எண் எது, கெட்ட கொழுப்பு எது, நல்லது எது, பரிசோதனை முடிவில் எந்த வரியை முதலில் பார்க்க வேண்டும் எல்லாவற்றையும் சாப்பாட்டு இடைவேளைகளில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

நடுப்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் சிமெண்ட் கலவை வண்டி வரத் தாமதமானது. கொக்கி காலியாகத் தொங்கியது. காற்று இல்லை. கீழே எல்லாரும் நிழலுக்கு ஒதுங்கிவிட்டார்கள். ரேடியோவும் ஓய்ந்தது. உச்சிக்கு நாளில் பிடித்த நேரம் இதுதான். நகரம் முழுக்கக் காலடியில் கிடக்கும். ஒரு சத்தமும் மேலே வராது. எதையாவது நினைக்க வேண்டும் என்றுகூட இருக்காது.

அப்போது பட்டை ஊதியது. முதுகு இருக்கையில் சாய்ந்திருந்தது. பாதம் தரையில். கை தளர்ந்து, நெஞ்சு மட்டத்தில். பேச்சில்லை. வெள்ளைக் கோட்டு இல்லை, நர்ஸ் இல்லை, அறை இல்லை. புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சரியான உட்காரல்.

பட்டை இளகியதும் குனிந்து இடுப்புப் பெட்டியின் சின்னத் திரையைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் பார்த்திருக்கவில்லை. தெரிந்த விடையைச் சரிபார்க்க வேண்டியதில்லை என்ற நினைப்பு.

நூற்று அறுபத்தாறு. கீழ் எண் நூறு.

மிஷின் தப்பு என்றுதான் முதலில் தோன்றியது. பட்டை நழுவியிருக்கும். கையை அசைத்திருப்பேன். தடவிப் பார்த்தாள். பட்டை இருந்த இடத்தில் இருந்தது. கை அசையவில்லை, அது அவளுக்குத் தெரியும். மயிரிழை பிசகாமல் கையை வைத்திருப்பதுதானே அவளுடைய வேலை.

தூரத்தில் ஒரு சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. அடிவயிறு கனத்தது, காலையிலிருந்து கனத்துக்கொண்டுதான் இருந்தது, எப்போதும்போல. எப்போதும்போல என்ற சொல் மனதுக்குள் வந்ததும் ஏதோ ஒன்று இடறியது.

வீட்டு மிஷினில் எப்போது அளப்பாள்? லீவு நாளில். மெதுவாக எழுந்து, நிறையத் தண்ணீர் குடித்து, நீர் மாத்திரையைப் போட்டு, நாலு தடவை போய்வந்து, கணவர் வேனைக் கழுவிக்கொண்டிருக்கும் சத்தத்தைக் கேட்டபடி ஜன்னலோரம் உட்கார்ந்து அளப்பாள். வேலை நாளில் அளந்ததே இல்லை. காலையில் நேரமில்லை, மாலையில் தெம்பில்லை. மிஷின் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. அவள் கேட்ட நாளுக்குத்தான் அது பதில் சொன்னது.

லீவு நாளில் இருக்கிற பெண்ணுக்கு அழுத்தம் இல்லை. ஆனால் உத்திரத்தைத் தூக்கப்போவது அந்தப் பெண் இல்லையே.

"தங்கச்சி, கலவை வந்தாச்சு. என்ன, சத்தத்தையே காணோம்?"

"அண்ணே," என்றாள். "எனக்கு நிஜமாவே பிரஷர் இருக்கு."

"அது எங்க எல்லாருக்கும் தெரியுமே. அதுக்குத்தானே மாத்திரை திங்கறீங்க?"

"திங்கறதில்லை. நீர் மாத்திரையை லீவு நாள்ல மட்டும்தான் போடறேன்."

ரேடியோ கரகரத்தது. பிறகு விசில்காரர் குரல், தேன் தடவினதுபோல வந்தது: "ஏன் தங்கச்சி, பிரேக்கை லீவு நாள்ல மட்டும் போட்டாப் போதுமா?"

உச்சி வாய்விட்டுச் சிரித்தாள். கூண்டுக்குள் அந்தச் சிரிப்பு அவளுக்கே புதிதாகக் கேட்டது.

"சரி, இப்ப என்ன பண்ணப் போறீங்க? உத்திரம் அடுத்த வாரம். யோசிச்சுப் பாருங்க. அந்தப் பெட்டியைக் கழட்டிக் கீழ இறக்குங்க, மிச்ச நேரத்துக்கு நான் கட்டிக்கறேன். எனக்குப் பச்சைப் பிள்ளை மாதிரி நூத்தி இருபதுதான்."

"அந்தப் பெட்டி உங்க வாய்க்குத் தாங்காது," என்றாள். விளையாட்டாகச் சொன்னாள். ஆனால் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளும் ஒரு கணம் யோசித்தாள். மாலையில் நீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வீட்டில் சாய்ந்து படுத்திருந்தால், பாதி எண்களாவது இறங்கியிருக்கும். சராசரியில் கரைத்துவிடலாம். கையெழுத்தும் விழும்.

பிறகு உத்திரத்தை நினைத்தாள். அதன் ஒவ்வொரு அளவும் அவளுக்குத் தெரியும். அதைத் தூக்குகிறவளின் ரத்த அழுத்தத்தைப் பற்றி மட்டும் வெறும் லீவு நாட்களின் கணக்கை வைத்துக்கொண்டு எப்படி மேலே போவது? எடை தெரியாத பொருளை அவள் ஒரு நாளும் தூக்கியதில்லை. கீழே இருக்கிறவர் எவ்வளவு கத்தினாலும் சரி, எடை தெரியாமல் கொக்கியை இறக்க மாட்டாள்.

அன்றைக்கு மாலை நீர் மாத்திரையைத் தொடவில்லை. கடைசி எண் வரைக்கும் வேலை நாள் எண்ணாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

*

டாக்டர் பெட்டியைக் கணினியில் மாட்டுவதற்கு முன்பே உச்சி சொல்லிவிட்டாள்.

"அதைப் பார்க்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். இன்னும் ஒரு மாத்திரை சேர்க்கணும்னு நினைப்பீங்க. அவசரப்பட வேணாம். ஏற்கெனவே குடுத்ததையே நான் முழுசா எடுக்கலை."

வழக்கம்போல ஒரு நொடி காத்திருந்தார் டாக்டர். "எடுக்கறேன்னு சொன்னீங்களே?"

"எடுக்கறேன்தான். லீவு நாள்ல."

காரணத்தையும் சொன்னாள். ஏணி, கூண்டு, கீழே காத்திருக்கிறவர்கள், பாட்டில். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"கிரேன்ல பாத்ரூம் இல்லைங்கறது எனக்குத் தோணவே இல்லை. தோணியிருக்கணும்."

"மேல வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீங்க வர்ற இடம் இல்லை அது. நான்தான் சொல்லியிருக்கணும்," என்றாள் உச்சி. "இப்ப சொல்லுங்க, லீவு நாள்ல குறையுதே, அந்த ஒரு மாத்திரையிலயா?"

"அது ஒரே நாள்ல வேலை செய்யற மாத்திரை இல்லை. தினமும் போட்டுட்டு வந்தா வாரக்கணக்குல மெதுவா பிடிக்கும். உங்க லீவு நாள் எண்ணை மாத்திரை கொஞ்சம் குறைச்சிருக்கலாம், மிச்சம் ஓய்வு குடுத்தது. அதோட, சிறுநீரை அடக்கினாலே அழுத்தம் ஏறும். தண்ணி குடிக்காம வெயில்ல உக்கார்றது சிறுநீரகத்துக்கும் கெடுதல்."

"சரி. நீர் போகவைக்காத மாத்திரை எதுவும் இருக்கா?"

"இருக்கு. வேற வகை ரெண்டு இருக்கு. ஒண்ணுல சிலருக்குக் கால் வீங்கும். இன்னொண்ணுல வறட்டு இருமல் வரலாம். ரத்தத்துல உப்பும் சிறுநீரகமும் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

"எந்திரிக்கும்போது தலை சுத்துமா? எனக்கு அதுதான் முக்கியம். கால் வீங்கினா பெரிய பூட்ஸ் வாங்கிக்கலாம். இருமினா விசில்காரர் திட்டுவார். ஏணி நடுவுல தலை சுத்தினா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"நல்ல கேள்வி," என்றார் டாக்டர். "ஆரம்பத்துல சிலருக்குச் சுத்தலாம். அதனாலதான் மருந்து மாத்தினதும் கொஞ்ச வாரம் தரையில இருக்கணும். உக்காந்தும் அளக்கணும், எந்திரிச்சு நின்னும் அளக்கணும். வேலை நாள்லயும் அளக்கணும். அப்புறம் மறுபடி இந்தப் பெட்டி. எண் சரியா இருந்தா நானே கையெழுத்துப் போடறேன்."

"அப்ப உத்திரம்?"

டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்தார். உச்சி பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே அவளுடைய கிரேனின் அடிக்கம்பம் மட்டும் தெரிந்தது. தலை தெரிய வேண்டுமானால் வெளியே போய் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

"மாத்திரையை மாத்தறது என்னால முடியும்," என்றார் டாக்டர் கடைசியில். "ஆனா நீங்க தண்ணி குடிக்கணும், நடுவுல இறங்கணும். அதுக்கு நான் என்ன எழுதிக் குடுத்தாலும்..."

"அதை விடுங்க. அது என் வேலை."

*

உத்திரத்தைத் தூக்கியது பஞ்சு. வளாகத்தின் இன்னொரு கிரேனை ஓட்டுகிறவன், உத்திரத்துக்காக அவளுடைய கிரேனில் ஏறினான். மலை மாதிரி ஆள், ஆனால் எடையைப் பஞ்சு மாதிரி இறக்கி வைப்பான். முந்தின நாள் அவனைக் கூட்டிக்கொண்டு உத்திரத்தைச் சுற்றி நடந்து, மாதக்கணக்கில் மனதில் சேர்த்து வைத்ததையெல்லாம் உச்சி சொல்லிக் கொடுத்தாள். சொல்லச் சொல்ல வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

அன்று விசில்காரர் பக்கத்தில் தரையில் நின்றாள். உத்திரம் எழுந்தது, திரும்பியது, இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே வந்து ஒரு மூச்சு நேரம் நின்றது, உட்கார்ந்தது. ஒரு சத்தமில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். உச்சியும் தட்டினாள்.

கைதட்டல் ஓய்வதற்குள் பஞ்சு பாதி ஏணி இறங்கிவிட்டான். தரையைத் தொட்டதும் வாழ்த்த வந்தவர்களை ஒதுக்கிக்கொண்டு, இன்ஜினியர் நீட்டிய கையையும் பார்க்காமல், தகரக் கொட்டகைக்குப் பின்னால் ஓடினான். வெகு நேரம் கழித்து, பிறவிப் பயன் அடைந்தவன் முகத்தோடு திரும்பி வந்தான்.

"பஞ்சு, உனக்கும் பிரஷரா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. ரெண்டு வருஷமா."

"நீர் மாத்திரை?"

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். "சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிப்பேன். எல்லாரும் அப்படித்தானேக்கா? போன சைட்ல மூணு கிரேன். மூணு பேரும் அப்படித்தான்."

இத்தனை வருஷம் இத்தனை பேருக்கு எண்களைச் சொல்லிக் கொடுத்தோமே, இதை யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லையே என்று நினைத்தாள். தெரியாததால் இல்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்ததால்தான் யாரும் சொல்லவில்லை.

அந்த வாரப் பாதுகாப்புக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். காலையில் ஒரு தடவை, மதியத்துக்குப் பிறகு ஒரு தடவை கிரேனை நிறுத்திவிட்டு ஓட்டுகிறவர் இறங்க வேண்டும், அதை வேலைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்றாள்.

இன்ஜினியர் நெற்றியைத் தடவிக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. எப்போதும் பின்னால் யாரோ துரத்துவதுபோலவே இருப்பவர். "கலவை காத்திட்டிருந்தா கெட்டியாயிடும்மா. இத்தனை நாள் சமாளிச்சீங்கதானே? மத்தவங்க பாட்டில்..."

"அப்ப ஆபீஸ் பாத்ரூமையும் இடிச்சுட்டு ஆளுக்கொரு பாட்டில் குடுத்துடலாமா சார்? இடமும் மிச்சம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இன்ஜினியரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு உச்சி குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "நாங்க இத்தனை நாள் சமாளிச்சது பிரஷரை ஏத்திக்கிட்டு. உங்க தலைக்கு மேல உக்காந்திருக்கிறவங்க மாத்திரை போடாம உக்காந்திருக்காங்க. எடை தூக்கற வயர் ரோப் தேஞ்சிருந்தா கிரேனை ஓட்ட விடுவீங்களா? கலவை வர்ற நேரத்தை மாத்தி வைக்கலாம். எப்படி மாத்தலாம்னு நானும் விசில்காரரும் யோசிச்சு வெச்சிருக்கோம். கேளுங்க."

அவர் கேட்டார். நாலைந்து இடத்தில் மறுத்தார், இரண்டு இடத்தில் இவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். கடைசியில் சரி என்றார்.

*

புது மாத்திரையில் கால் வீங்கவில்லை, தலையும் சுற்றவில்லை. தரையில் இருந்த வாரங்களில் விசில்காரருக்குத் துணையாக வழி சொன்னாள். தினமும் வேலைக்கு வந்ததும் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, மருத்துவ அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து அளந்துகொண்டாள். நர்ஸ் இப்போதெல்லாம் யார் வந்தாலும் வெறும் கையில்தான் பட்டையைச் சுற்றினாள். எண்கள் ஒரே நாளில் இறங்கவில்லை. ஒரு நாள் இறங்கி, மறுநாள் ஏறி, பிறகு மெல்லப் படிந்தன. மறுபடி பெட்டியைக் கட்டிக்கொண்டு பஞ்சுவின் கிரேனுக்கு வழி சொன்ன நாளில், பகல் முழுவதும் சராசரி நூற்று இருபத்தெட்டு என்று வந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

மேலே திரும்பிப் போன முதல் நாள் காலை, பாட்டில் நிறையத் தண்ணீர் எடுத்துப் போனாள். கம்பி, பலகை, கலவை என்று வேலை ஓடியது. இடைவேளை நேரம் வந்தபோது ரேடியோவில் இன்ஜினியரின் குரல்.

"உச்சிம்மா, ஒரே ஒரு லிஃப்ட். இதை முடிச்சுட்டு இறங்குங்களேன்."

பழைய பழக்கத்தில் அவள் கை லிவருக்குப் போனது. அடக்க முடியாத அளவுக்கு ஒன்றுமில்லை. இன்னும் ஒன்று தூக்கலாம், அதற்குப் பிறகு இன்னும் ஒன்று தூக்கலாம். அப்படித்தானே இருபது வருஷம் போயிற்று.

"இறங்கறேன் சார்," என்றாள்.

கொக்கியை மேலே ஏற்றினாள். கிரேனின் நீண்ட கையைத் திருப்பும் பிரேக்கைத் தளர்த்தி விட்டாள். ஆள் இல்லாதபோது அதைப் பூட்டி வைக்கக் கூடாது, காற்று போகிற பக்கம் அது திரும்பிக்கொள்ள வேண்டும். கூண்டுக் கதவைச் சாத்திவிட்டு ஏணியில் இறங்கத் தொடங்கினாள். முதல் நிறுத்தத்தில் மூச்சு வாங்கிக்கொள்ள நின்றபோது எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

பஞ்சுவின் கிரேனும் நின்றிருந்தது. அதன் ஏணியில் ஒரு பெரிய உருவம், அவசரமே இல்லாமல், படி படியாக இறங்கிக்கொண்டிருந்தது.

கீழே மோட்டார் ஓசை அடங்கிப்போயிருந்தது. இன்ஜினியர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். ரேடியோ அவர் கையிலேயே இருந்தது, வாய்க்குப் போகவில்லை. ஆளில்லாத இரண்டு கிரேன்களின் நீளக் கைகளும் வானத்தில் ஒரே பக்கமாக, காற்றின் பக்கமாக, மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன.

உச்சி அடுத்த படியில் காலை வைத்தாள்.